உரிக்காத தாள்

ஆபீஸ் ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில், யாரோ வைத்து மறந்துபோன ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சின்னக் கவரை எடுத்துக்கொண்டு வந்தபோது அவன் நல்ல உற்சாகத்தில்தான் இருந்தான். கணக்குப் பிரிவுக்காரருடைய லேப்டாப் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. சூட்டைக் கடத்துவதற்காக அதன் சிப்பின்மேல் தடவியிருந்த பழைய பசையையெல்லாம் துடைத்தாயிற்று. கவருக்குள் இருக்கும் சாம்பல் நிற ஷீட்டில் ஒரு துண்டை வெட்டிச் சிப்பின்மேல் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. சிப்பின் சூட்டை மேலே இருக்கும் செம்புத் தகட்டுக்குக் கடத்திவிடுகிற ஷீட் அது. சாதாரணமாகத் தொட்டால் பிசுபிசுவென்று கையோடு வரும். அதனால்தான் ஃப்ரீசரில் வைத்து விறைக்க விடுவது. விறைத்துவிட்டால் அதை மூடியிருக்கும் பாதுகாப்புத் தாள் நகம் பட்டதும் கழன்றுவிடும்.

நீலத் தாள் கழன்று வந்தது. ஷீட்டைச் சிப்பின்மேல் வைத்து ஓரம் ஓரமாக அழுத்தினான். செம்புத் தகட்டைத் தூக்கிப் பொருத்தப் போகிற சமயம் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்து ஷீட் பளபளத்தது. அது பளபளக்கக் கூடாது. சிலேட்டு மாதிரி மங்கலாக இருக்க வேண்டிய சாமான். நகத்தால் மூலையைக் கிளறினான். வெங்காயத்தின் உள்தோல் போல, நிறமே இல்லாத இன்னொரு தாள் கையோடு வந்தது.

மேஜைமேல் இரண்டு தாள்கள் கிடந்தன. அவன் இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றான். அக்கா வீட்டில் அன்றைக்குக் குப்பைக் கூடைக்குப் போனது நீலத் தாள் மட்டும்தான்.

கணக்குப் பிரிவுக்காரர், ஏதாவது போய்விட்டதா சார் என்று கவலையோடு எட்டிப் பார்த்தார். ஒன்றும் போகவில்லை என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது. காது மடல் இரண்டும் எரிந்தன.

ஏசி மாமா என்றுதான் அக்கா வீட்டில் அவனுக்குப் பெயர். வேலை அப்படி. ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில், சர்வர்கள் அடுக்கியிருக்கும் அறை எப்போதும் குளுகுளுவென்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிற உத்தியோகம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது அவன் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். தன்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு பெரிய மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லி வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்னால் அவன் தொட்ட தொழில் எல்லாம் பாதியில் படுத்தவை. அதை அத்தான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாமல் இருப்பதையே கொஞ்சம் தெரிகிற மாதிரி செய்வார். அதனால் அந்த வீட்டுக்குப் போனால் மிக்சியோ குழாயோ மேஜை ஃபேனோ, எதையாவது பழுது பார்த்த பிறகுதான் அவனால் சாப்பாட்டுக்கு நிம்மதியாக உட்கார முடியும். ஒருமுறை பழுது பார்க்க எதுவுமே கிடைக்காமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறான்.

அக்காவின் ஒரே மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வைத்தது. காலேஜ் முடித்து, தேவையில்லாமல் வாயே திறக்காத பெண்ணாக ஆன பிறகும் அது மாறவில்லை. இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் காட்டுவது அவள் படித்த படிப்பு. கதவு திறக்கும், நாம் உள்ளே நடந்து போகலாம், ஜன்னல் வழியாக விழுகிற வெயில் தரையில் நகரும். சாதாரண லேப்டாப் அதைத் தாங்காது என்று, கேம் ஆடுகிறவர்களுக்கென்று செய்கிற பலமான லேப்டாப்பை வாங்க வேண்டியிருந்தது. அத்தானுக்கு அதிலேயே மனத்தாங்கல். கீபோர்டில் சிவப்பு விளக்கு எரிகிற பெட்டியில் எவன் உட்கார்ந்து வேலை பார்ப்பான் என்பது அவர் கட்சி. அவர் சந்தேகப்பட்டதற்குக் காரணமும் இருந்தது. காலேஜ் இரண்டாம் வருஷத்தில் வாலு விடிய விடிய கேம் ஆடிப் பரீட்சையில் கோட்டை விட்டாள். கேட்டபோது, படித்துக்கொண்டிருந்தேன் என்று முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாள். பரீட்சையில் தோற்றதை அத்தான் மறந்துவிட்டார். பொய்யை மறக்கவில்லை.

இப்போது வேறு ஊரில் இருக்கும் ஒரு ஸ்டூடியோ அவளுக்கு ஒரு சோதனை வேலை கொடுத்திருந்தது. ஒரு நூலகத்துக்குள் காலையிலிருந்து சாயங்காலம்வரை வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று செய்து காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலை. அந்த ஊருக்குப் போய்த் தங்க வேண்டும். அத்தான் நன்றாக யோசித்து ஒரு கண்டிஷன் போட்டார். இந்த வேலை முடிகிறவரை விளையாட்டில் கை வைக்கக் கூடாது. பேச்சைக் காப்பாற்றினால் போகலாம். வாலு அவர் கண்முன்னாலேயே கேமை அழித்தாள். அழித்தால் திரும்பப் போட முடியாதா என்று அவர் கேட்டார். முடியும் என்று அவள் உண்மையைச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான், லேப்டாப் கொதிக்கிறது, ஃபேன் மாவு மில் மாதிரி கத்துகிறது என்று அக்கா போன் செய்தாள். கூப்பிட்ட குரலுக்கு ஓடினான். தூசியை ஊதிப் புதுப் பசை தடவியதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பசையெல்லாம் பழைய காலம், இப்போது ஷீட்தான் என்று எங்கேயோ படித்திருந்தான். அக்கா ஃப்ரீசரில் ஷீட்டுக்கு இடம் பண்ணிக் கொடுத்தாள். ஹாலில் பேப்பர் விரித்து, ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி, ஆபரேஷன் செய்கிற டாக்டர் மாதிரி பேசிக்கொண்டே செய்தான். அத்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் தன்னை அவ்வளவு கவனமாகப் பார்த்தது அவனுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அந்தப் பூரிப்பில் தலைகால் புரியவில்லை.

நீலத் தாளை உரித்து ஷீட்டை ஒட்டிக்கொண்டிருக்கும்போது அத்தான் ஒரு கேள்வி கேட்டார். உள்ளே எவ்வளவு சூடு என்று திரையின் மூலையில் நம்பர் தெரிகிற மாதிரி வைக்கலாமாமே என்றார். வைக்கலாம் என்றான். அப்படியென்றால் அந்த நம்பரைப் பார்த்தே, உள்ளே ஓடுவது வேலையா விளையாட்டா என்று சொல்லிவிட முடியுமா என்றார். முடியாது என்பதுதான் பதில். வெயிலையும் நிழலையும் கணக்குப் போட்டு வரைகிற வேலை, விளையாட்டைப் போலவே சிப்பைக் காய்ச்சி எடுக்கும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அத்தான் முன்னால் குனிந்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி பதிலுக்குக் காத்திருந்தார்.

"எண்பத்தஞ்சுக்குள்ள இருந்தா வேலை அத்தான். தொண்ணூறைத் தாண்டிடுச்சுன்னா கேம்" என்றான்.

வாலு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு அடுக்கியிருந்த ஸ்க்ரூக்கள் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மாமாவை அப்பா முன்னால் திருத்தக் கூடாது என்று நினைத்திருப்பாள். அவன் இன்னும் கொஞ்சம் விளக்கம் சொல்லி, அந்தச் சூட்டிலேயே தகட்டை வைத்து ஸ்க்ரூவை முடுக்கினான். வாய் வேலை செய்த நேரத்தில் கை ஒரு வேலையை விட்டுவிட்டது. மூடிப் போட்டுப் பார்த்தபோது நம்பர் முன்பைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது. புது ஷீட், நாலு தடவை சூடாகி ஆறினால்தான் படியும் என்று சமாளித்தான். அப்படிப் படிவதும் உண்மைதான். அதனால் அவனே அதை நம்பிவிட்டான்.

அத்தானுக்கு அந்த நம்பர் ரொம்பப் பிடித்துப்போனது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், வாழ்நாளெல்லாம் டேஷ்போர்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர். ஆள் பொய் சொல்லலாம், மீட்டர் சொல்லாது என்று புதிதாக ஸ்டியரிங் பிடிக்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். லேப்டாப்பில் அவருக்கு வேறு எதுவும் தெரியாது. அந்த ஒரு மூலையை மட்டும் வாசிக்கக் கற்றுக்கொண்டார். தண்ணீர் குடிக்க எழுந்தால் ஒரு பார்வை, செருப்பு மாட்டும்போது ஒரு பார்வை. சில நேரம் பின்பக்கத்து ஓட்டையில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

ஒருநாள் மத்தியானம் அவர் பார்த்தபோது தொண்ணூற்றாறு இருந்தது. திரையில் நூலகத்துப் படிக்கட்டு பாதி வரைந்தபடி நின்றிருந்தது. தான் வருகிற சத்தம் கேட்டு விளையாட்டை மூடிவிட்டு இதைத் திறந்துகொண்டாள் என்றார் அத்தான். இல்லவே இல்லை என்றாள் அவள். அவர் பழைய பொய்யை எடுத்து நடுவில் வைத்தார். ஏன் வீண் சண்டை, தம்பியைக் கேட்டால் தெரிந்துவிடப்போகிறது என்று அக்காதான் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மாப்ள, தொண்ணூத்தாறுன்னா என்ன அர்த்தம்? நீயே சொல்லு" என்றது அத்தானின் குரல்.

அவன் சர்வர் அறைக் குளிரில் நின்றுகொண்டிருந்தான். அந்த நொடியில் அவனுக்கு எல்லாம் தோன்றத்தான் செய்தது. ஷீட் சரியாக உட்காரவில்லையோ என்று தோன்றியது. தொண்ணூறு என்பது தானே அளந்துவிட்ட கதை என்பதும் ஞாபகம் இருந்தது. இரண்டில் எதைச் சொன்னாலும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்த அந்த மனிதர் இனிமேல் அப்படிப் பார்க்க மாட்டார்.

"வேலைக்கு அவ்வளவு ஏறாது அத்தான்."

அந்தப் பக்கம் தூரத்திலிருந்து வாலுவின் குரல், "சரி மாமா" என்றது. அவ்வளவுதான்.

மறுநாள் அக்கா மீதிக் கதையைச் சொன்னாள். விளையாடினதைக்கூட அத்தான் விட்டுவிடுவாராம். தப்பை ஒத்துக்கொண்டால் போதும், தாராளமாகப் போகட்டும் என்கிறாராம். பிடிபட்ட பிறகும் சாதிக்கிற பெண்ணை எந்த நம்பிக்கையில் ஊர் தாண்டி அனுப்புவது என்று கேட்கிறாராம். அவளோ, செய்யாததை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாளாம். லேப்டாப் அலமாரிமேல் ஏறிவிட்டது. நூலகம் அநேகமாக முடிந்துவிட்டது. அனுப்புவதற்குத் திங்கட்கிழமை கடைசி நாள். "நீ ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருக்கலாம்டா" என்று அக்கா மூக்கை உறிஞ்சினாள். எப்படியக்கா பொய் சொல்வது என்று அவன் கேட்டான். கேட்டது அவன்தான். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசியது.

கணக்குப் பிரிவுக்காரருடைய லேப்டாப் அறுபத்தெட்டில் சமர்த்தாக ஓடியது. நீங்கள் பெரிய ஆள் சார் என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. போனை எடுத்து அத்தானின் பெயரை அழுத்தினான். மணி அடிப்பதற்குள் வெட்டிவிட்டான். நேரில் சொல்வதுதான் முறை என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டான். அடுத்த நாளும் அப்படியே கட்டினான். அவமானமாக இருந்தது. தப்புச் செய்துவிட்டோமே என்பது அதில் பாதிதான். தப்பு என்று தெரிந்த உடனே மனசில் முதலில் எழுந்த யோசனை, யாருக்கும் தெரியாமல் போய் அந்தத் தாளை எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்பதாக இருந்ததே, மீதி அதற்காக.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்ல வேண்டிய வாக்கியத்தை உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தான். தப்பு என்மேலதான் அத்தான், அவ விளையாடல. சின்ன வாக்கியம்தான். இறங்கும்போது மனப்பாடம் ஆகியிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும், சும்மா ஒருதரம் செக் பண்ணலாமென்று வந்தேன் என்றான்.

அத்தான் காலை வகுப்பை முடித்துவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தார். அக்கா அலமாரிமேலிருந்து லேப்டாப்பை இறக்கிப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள். வாலு அறையிலிருந்து வெளியே வந்தாள். முகம் வற்றிக் கிடந்தது. "வாங்க மாமா" என்றாள், எப்போதும் சொல்கிற மாதிரியே. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அவளை அந்த இடத்தைவிட்டு நகர்த்துவதற்காக டீ கிடைக்குமா என்று கேட்டான். அவள் சமையலறைக்குப் போனதும் கடகடவென்று ஸ்க்ரூக்களைக் கழற்றினான். இந்தத் தடவை வரிசையும் இல்லை, விளக்கமும் இல்லை. தகட்டைத் தூக்கினான். தாள் இருந்தது. அந்தப் பலமான லேப்டாப்பில் சிப் இரண்டு; சூட்டில் சுருங்கி, ஓரம் பழுப்பேறி, இரண்டின்மேலும் இருந்தது. ஒன்றைக் கிளப்பி எடுத்துச் சட்டைப் பையில் திணித்தான். இரண்டாவதில் நகத்தை வைக்கும்போது பக்கத்தில் டீ வந்து உட்கார்ந்தது.

வாலு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மிச்சமிருந்த தாளைப் பார்த்தாள், அவன் பையில் எட்டிப் பார்த்த நுனியைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, இரண்டாவது தாளை அவனைவிடச் சுத்தமாக உரித்து எடுத்தாள்.

"ரெண்டு பக்கமும் உரிக்கணுமா மாமா?"

"ஆமா."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"புதன்கிழமை."

அவள் தலையை ஆட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அத்தான் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றான். அவள் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொள்ளப் போகும்போது வருமே, அந்த வெளிச்சம். அவன் கையோடு கொண்டுவந்திருந்த புது ஷீட்டை இருவருமாக வைத்து மூடினார்கள். அவள் நூலகத்தைத் திறந்து வரைய விட்டாள். நம்பர் அறுபதைத் தாண்டி, எழுபதைத் தாண்டி, எழுபத்து நாலுக்கு வந்து நின்றுகொண்டது. ஃபேன் அமைதியாகச் சுற்றியது.

அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். வழக்கம்போல மூலையைத்தான் முதலில் பார்த்தார். என்ன ஓடுகிறது என்று மகளைக் கேட்டார். அன்றைக்கு ஓடினதேதான் ஓடுகிறது என்றாள் அவள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து, அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எழுபத்திநாலு. என்ன மாப்ள பண்ணினே?"

வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. தொண்டைவரை வந்தும்விட்டது. அத்தான் முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, அன்றைக்குப் போலவே, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தூசி இருந்துச்சு அத்தான்" என்றான்.

வாலுவின் கை மவுஸிலிருந்து நழுவியது. அத்தான் அசடு இல்லை. தூசிக்கு இருபது டிகிரி ஏறுமா என்று கேட்டார். கொஞ்சம் ஏறும் என்று இவன் மென்று விழுங்கினான். அப்படியானால் மீதி எங்கிருந்து ஏறியது என்றார். இவன் குனிந்து ஸ்க்ரூக்களைப் பொறுக்க ஆரம்பித்தான். பொறுக்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை, எல்லாம் போட்டு முடுக்கியாயிற்று. தரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கேம் ஆடினேன்பா" என்றாள் வாலு. அவனைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு. தப்புத்தான்."

அத்தானின் முகம் மெல்ல இளகியது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமில்லையா, இத்தனை நாள் யாரும் சரியாகச் சாப்பிடக்கூட இல்லையே என்றார். எழுந்து போய் அவள் தலையில் கையை வைத்தார். வேலையை முடித்து நாளைக்கு அனுப்பு, கிடைத்தால் போய்வா என்றார். அக்கா வாசற்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாலு தலையைக் குனிந்து அந்தக் கையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். செய்யாத தப்புக்கு ஒருத்திக்கு மன்னிப்புக் கிடைத்துக்கொண்டிருந்தது. செய்தவன் ஆறிப்போன டீயைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"அத்தான்" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அத்தான் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "உனக்குத்தான் மாப்ள சொல்லணும். நீ மட்டும் அந்த நம்பரை வச்சுக் குடுக்கலைன்னா இவ வாயைத் தொறந்திருக்கவே மாட்டா." பக்கத்தில் வந்து தோளைத் தட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் தோளைத் தட்டியதில்லை. அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்; சுவர் இருந்தது.

"ஒண்ணு கேக்கணும். இவ அங்க போனதுக்கப்புறமும் அந்த நம்பர் எனக்கு இங்க தெரியற மாதிரி பண்ண முடியுமா? இந்தப் போன்ல?"

முடியும். ஆபீஸில் அவன் செய்வதே அதுதான். எங்கே இருந்தாலும் சர்வர் அறையின் சூடு அவன் போனுக்கு வந்துகொண்டே இருக்கும். அத்தான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் போனைத் திறந்து அவன் உள்ளங்கையில் வைத்தார். வாலு இப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரியும் இல்லை. மாமா என்ன செய்வார் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் திரையில், நூலகத்துக்குள் விழுந்த வெயில் மெதுவாக ஒரு படி இறங்கியது. அவன் விரலை அசைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கையிலிருந்த போனின் வெளிச்சம் மங்கி அணைந்தது. அத்தான் குனிந்து, தன் பெருவிரலை வைத்து அதைத் திரும்ப எழுப்பிக் கொடுத்தார்.